நாலு குதிரைக்கு ஓர் ஆள்

குதிரையில் போய்த் தரையில் இறங்கிச் சண்டை போட்டவர்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்டபோது, அக்கா யோசிக்காமல் ஒத்துக்கொண்டாள். அக்கா என்றுதான் அங்கே எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். வீட்டில் தம்பியும் தங்கையும் கூப்பிட்டதை ஊரும் பிடித்துக்கொண்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோட்டை, பீரங்கி, பாய்மரக்கப்பல் என்று பதினான்கு புத்தகம் எழுதியாகிவிட்டது. ராஜாவுக்குப் பல் வலித்ததையும் சேனாதிபதி சேற்றில் வழுக்கி விழுந்ததையும் எழுதுவாள். சரித்திரம் என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளைகூட அவள் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிடும்.

விஷயமும் சுவையான விஷயம். குதிரைப்படை எல்லாருக்கும் தெரியும். சேணத்தில் உட்கார்ந்தபடியே வாளைச் சுழற்றுகிற ஆட்கள். காலாட்படையும் தெரியும், நடந்து போய், நின்று சண்டை போட்டு, உயிர் மிஞ்சினால் நடந்தே திரும்புகிற ஆட்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருந்தது. இவர்கள் குதிரையில் விரைந்து போவார்கள். ஒரு பாலத்தையோ மேட்டையோ எதிரி வருவதற்குள் பிடிக்க வேண்டும் என்றால் இவர்களைத்தான் அனுப்புவார்கள். இடம் வந்ததும் இறங்கிவிடுவார்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் நின்று சுடுவார்கள். குதிரை இவர்களுக்கு வண்டி மாதிரி, அவ்வளவுதான். நல்ல குதிரைகளெல்லாம் குதிரைப்படைக்குப் போய்விடும். மிச்சமிருக்கிற மட்டக்குதிரைகளை இவர்கள் தலையில் கட்டுவார்கள். குதிரைப்படைக்காரன் இவர்களைப் பார்த்துச் சிரிப்பான், காலாட்படைக்காரன் கால் வலியோடு பெருமூச்சு விடுவான்.

எல்லாம் சரி, இறங்கிப் போனவர்களின் குதிரைகள் என்ன ஆகும்? வெடிச் சத்தம் கேட்டால் எந்தக் குதிரை சும்மா நிற்கும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்வார்கள். நான்கு என்று சொன்னவன் சண்டைக்குப் போக மாட்டான். மற்ற மூன்று பேரின் கடிவாளத்தையும் வாங்கிக்கொண்டு, நாலு குதிரைகளோடும் மேட்டுக்குப் பின்னால் போய் நிற்பான். வேலை முடிந்தாலும் சரி, தப்பித்து ஓட வேண்டி வந்தாலும் சரி, மூன்று பேரும் அவனைத் தேடித்தான் வருவார்கள்.

அக்காவுக்கு அந்த நாலாவது ஆளின் மேல்தான் கண். படித்த உடனே அவனுக்குக் ‘கடிவாளம்’ என்று ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டாள். பதினோராம் பக்கம் முழுக்க அவனுக்கு. மூன்று பேரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் புகையில் இருமிக்கொண்டிருக்க, கடிவாளம் மரத்தடியில் குதிரைக் கழுத்தில் சாய்ந்து குறட்டை விடுகிறான். ஒரு குதிரை அவன் தொப்பியைத் தின்றுகொண்டிருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் ‘நாலாவது ஆள் பாடு கொண்டாட்டம்!’ என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டுப் பதிப்பாசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தடித்தடிப் புத்தகங்களில் அக்கா படித்தது அப்படி இல்லை. எதிரி முதலில் குறி வைப்பதே பின்னால் நிற்கிற குதிரைகளைத்தான் என்று போட்டிருந்தது. குதிரை போனால் மூன்று பேரும் போன மாதிரி. குண்டு பாய்ந்து ஒரு குதிரை துள்ளும்போது மற்ற மூன்றையும் விடாமல் பிடிக்க வேண்டும், ஒளியவும் முடியாது, திருப்பிச் சுடவும் முடியாது, இரண்டு கையிலும் கடிவாளம். இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்தாள். பிறகு பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று சொல்லி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மூடும்போது மனசு குறுகுறுத்தது. பதினான்கு புத்தகம் எழுதியவளுக்கு அந்தக் குறுகுறுப்பைத் தட்டி அடக்கத் தெரியாதா என்ன!

படம் போடுகிறவர் நாலு முகங்களுக்கு மாதிரி கேட்டார். அக்கா வீட்டுப் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தாள். அண்ணன், அவள், தங்கை, தம்பி என்று நாலு பேரும் வாசற்படியில் வரிசையாக நிற்கிற படம். அண்ணனுக்கு மீசையை முறுக்கிவிட்டு, அக்காவையும் தங்கையையும் ஆண் சிப்பாய்களாக்கி, அவர் பிரமாதமாக வரைந்துகொண்டு வந்தார். கடைசியில் நின்ற தம்பி கடிவாளமாகிவிட்டான். அவள் அப்படிப் போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புத்தகம் வந்த வாரமே தம்பி போன் பண்ணினான்.

“அக்கா, நம்ம தெருமுனை நூலகத்துல பேசிட்டேன். சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு நீ வந்து கதை சொல்றே. வராம டிமிக்கி குடுத்தே, அப்புறம் நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கிறது?”

“வரேன்டா. ஆனா சாயங்காலம் அஞ்சு மணி ரயிலைப் பிடிச்சாகணும்.”

“நீ என்னைக்குத் தங்கியிருக்கே, வா வா.”

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னான். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், தண்ணீர் பிடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் நாலு பேரும் நின்றார்கள். அண்ணனுக்கு வேலையில் வேறு ஊருக்கு மாற்றல். அக்காவுக்குத் தலைநகரத்துப் பதிப்பகத்தில் முதல் வேலை. தங்கைக்குப் புது மாப்பிள்ளையோடு கப்பலேற டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தம்பிக்குக் கப்பல் இஞ்சின் வேலைப் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அவனுக்கு அப்போது இருபத்தொன்று. அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். ஒருவர் அம்மாவோடு இருந்தாக வேண்டும். ஒரு வருஷம்தான், பிறகு முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். யார் அந்த முதல் வருஷம் என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

“சின்ன வயசுல மாதிரி பாட்டுப் பாடி எண்ணிட வேண்டியதுதான்” என்று தங்கை அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். அந்த வீட்டில் எல்லா வேலையும் அப்படித்தான் முடிவாகும். மாடி கூட்டுவது யார், நாயைக் குளிப்பாட்டுவது யார் என்று தகராறு வந்தால், நாலு பேரும் வட்டமாக நிற்பார்கள். அக்கா ஒரு சொல்லுக்கு ஓர் ஆளாக நெஞ்சைத் தொட்டுக்கொண்டே எண்ணுவாள். கடைசிச் சொல் யார் மேல் விழுகிறதோ அவர் தலையில் வேலை.

‘ஒட்டடைக் கம்பு, ஓட்டை வாளி, கட்டிலின் அடியில் கறுத்த பூனை, எட்டிப் பார்த்தது யாரை? யாரை? உன்னை!’

பதின்மூன்று சொல். நாலு பேர் நின்றால் யாரிடம் ஆரம்பிக்கிறதோ அவரிடமே வந்து முடியும். இதை அக்கா ஒன்பது வயதில் கண்டுபிடித்துவிட்டாள். ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் மாடி கூட்டியதே இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் விரல் முதலில் தம்பியின் நெஞ்சைத் தொட்டது. சட்டைப் பையிலிருந்த கடிதம் விரலுக்குக் கீழே மொடமொடத்தது. ‘உன்னை’ என்று முடிந்தபோது எல்லாரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தான். “சரி விடுங்க, நான் இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க” என்றான். “சீக்கிரம் வந்துடறோம்டா” என்று மூன்று பேரும் சொன்னார்கள். அக்காதான் முதலில் சொன்னாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் வந்து இறங்கியபோது, தம்பி தன் பட்டறையில் ஒரு வாஷிங் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். வீட்டின் முன் அறைதான் பட்டறை. கெட்டுப்போன பிரிட்ஜ், மின்விசிறி, மிக்ஸி என்று தெருவில் யார் வீட்டில் எது நின்றாலும் இங்கேதான் வரும். கப்பல் இஞ்சினுக்கென்று பிறந்த கை துணி துவைக்கிற மெஷினை நிமிர்த்திக்கொண்டிருந்தது. அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மணி தொங்கியது. உள்ளே அம்மா கட்டிலில் பொத்தானை அழுத்தினால் இது கிணுகிணுக்கும். குளிக்கும்போதும் அதைத் தள்ளி வைக்கமாட்டான். சோப்புப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு குளிப்பான்.

“வாக்கா! உன் புத்தகம் இந்தத் தெருவையே சுத்தி வந்துடுச்சு தெரியுமா? பக்கத்து வீட்டு டெய்லரம்மா ரெண்டு நாள் வெச்சிருந்து இன்னைக்குத்தான் குடுத்தாங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தான். மேலே பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். பதினோராம் பக்கத்தில் ஓர் அட்டைத் துண்டு.

“இது நான்தானே? தூங்குறேன் பாரு! குதிரை தொப்பியத் தின்னுது! அம்மாகிட்ட காட்டினேன், யாருடா இந்தச் சோம்பேறின்னாங்க. உங்க பிள்ளைதாம்மான்னேன். அன்னைக்குப் பூரா சிரிச்சாங்க.”

அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. “சும்மா விளையாட்டுக்குடா. படம் போடறவர் அப்படிப் பண்ணிட்டாரு” என்று பழியைத் தூக்கி அங்கே இல்லாத மனிதர் மேல் போட்டாள்.

“அட, சரியாத்தான் போட்டிருக்காரு. எண்ணும்போது நாலுன்னு விழுந்தவன் நிக்க வேண்டியதுதானே. நானும் அப்படி விழுந்தவன்தான்.” ஒரு திருகாணியை வாயில் கவ்விக்கொண்டே பேசினான். “உண்மையச் சொல்லணும்னா, அந்தப் பக்கத்தப் படிச்சப்போ எனக்கு ரொம்ப நிம்மதியா இருந்துச்சுக்கா. யாரும் அவனைப் புடிச்சு நிக்க வெக்கலை பாரு. எண்ணிக்கை. அவ்ளோதான். யார் மேலயும் கோவப்பட ஒண்ணுமில்லை.”

அப்போது மணி கிணுகிணுத்தது. திருகாணியைத் துப்பிவிட்டு உள்ளே ஓடினான். அக்கா பட்டறை நடுவில் கைப்பையோடு நின்றாள்.  இப்போதே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

நூலகத்தில் இருபது இருபத்தைந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். டெய்லரம்மா ஒரு மணி நேரம் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னதால் தம்பியும் வந்திருந்தான். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில், கடைசி நாற்காலியில் புதுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம்.

அக்கா ஆரம்பித்துவிட்டால் ஆள் மாறிவிடுவாள். மேசையில் தட்டிக் குதிரைக் குளம்புச் சத்தம் வைத்தாள். ஏன் வாளுக்குப் பதில் துப்பாக்கி, ஏன் குட்டைப் பூட்ஸ், ஏன் மட்டக்குதிரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிள்ளைகளையே பதில் சொல்ல வைத்தாள். நீண்ட பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினால் எப்படி இருக்கும் என்று அவளே நடந்து காட்டினாள். சிரிப்பு அடங்கவில்லை. கடிவாளம் வந்ததும் பிள்ளைகள் பாயில் உருண்டார்கள்.

முன்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மூணு பேரும் திரும்பி வரலைன்னா இவன் என்ன பண்ணுவான்?”

“காத்துக்கிட்டு இருப்பான்.”

“எவ்ளோ நேரம்?”

“கூப்பிடற வரைக்கும்.”

“கூப்பிடவே இல்லைன்னா?”

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். தாகம் ஒன்றும் இல்லை. “இப்ப நாம விளையாடிப் பார்க்கலாமா?” என்று பேச்சை மாற்றினாள். “நாலு பேர் எழுந்து வாங்க. யார் குதிரை பிடிக்கிறதுன்னு எண்ணிடலாம்.”

கடைசி நாற்காலியிலிருந்து தம்பி உற்சாகமாகக் குரல் கொடுத்தான். “அக்கா, நம்ம பாட்டைச் சொல்லி எண்ணு! ஒட்டடைக் கம்பு!”

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பல் விழுந்த பெண், மூக்குக்கண்ணாடிப் பையன், ரெட்டைப் பின்னல்காரி, காலில் கட்டுப் போட்ட பையன் என்று நாலு பேர் வட்டமாக நின்றார்கள். அக்கா கண்ணாடிப் பையனிடம் ஆரம்பித்தாள். அவனிடமே முடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“மறுபடி” என்றாள் பல் விழுந்த பெண்.

“எதுக்கும்மா?”

“மறுபடி எண்ணுங்க. இவகிட்ட ஆரம்பிங்க.”

ரெட்டைப் பின்னல்காரியிடம் ஆரம்பித்தாள். ரெட்டைப் பின்னல்காரியிடம் முடிந்தது. பல் விழுந்த பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், உதடு அசைந்தது, பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

“ஏமாத்து! நாலு பேர் நின்னா ஆரம்பிக்கிறவங்ககிட்டயேதான் முடியும்! எண்ணுறவங்க யார வேணும்னாலும் மாட்டி விடலாம்!”

பிள்ளைகள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். கடைசி நாற்காலியில் தம்பியும் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அவன் வலது கை தன்னாலேயே நெஞ்சுக்குப் போனது. சட்டைப் பை மேல் அப்படியே நின்றது. சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. அக்கா அதைப் பார்த்தாள். மேற்கொண்டு என்ன பேசினாள், எப்படி முடித்தாள், யாருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பி மழைநீர்க் கால்வாயைப் பற்றிப் பேசினான், தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேசினான். அக்கா ஊம் கொட்டிக்கொண்டே வந்தாள். அந்தக் கடிவாளத்தை ஏன் தூங்க வைத்தோம் என்று அவளுக்கு இப்போது நன்றாகவே தெரிந்தது. பின்னால் நிற்கிறவன் நிழலில் சுகமாகத் தூங்குகிறான் என்றால் முன்னால் ஓடினவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காக எழுதவில்லை அந்தப் பக்கத்தை. தனக்காக எழுதிக்கொண்டாள்.

டெய்லரம்மா விடைபெற்றுப் போனார். தம்பி கஞ்சி கொண்டுவந்து, அம்மாவைத் தலையணையில் நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டினான். அம்மா அக்காவைப் பார்த்து, “டீச்சர் வந்திருக்காங்களா?” என்று கேட்டாள். “அக்காம்மா, நம்ம அக்கா” என்றான். அம்மா தலையை ஆட்டினாள். அடுத்த வாய்க்குள் மறந்துவிட்டாள்.

சுவரில் மணி நாலேகால். ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை.

தம்பி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரில நீ எங்கிட்டதான் ஆரம்பிச்சே. நெஞ்சுல விரல் வெச்சது ஞாபகமிருக்கு.”

அவள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“அந்தக் கணக்கு உனக்கு அப்பத் தெரிஞ்சிருக்காது இல்ல? பக்கத்துல யார் நின்னாங்களோ அவங்களைத் தொட்டிருப்பே. இந்தப் பொண்ணு கெட்டிக்காரி, கண்டுபிடிச்சுட்டா. நமக்கெல்லாம் அது எங்க தெரியும்!”

ஒரு வாய் கஞ்சியை ஊட்டி, அம்மா விழுங்கும் வரைக்கும் காத்திருந்தான். பதிலுக்கும் அதே மாதிரிதான் காத்திருந்தான். ஆமாம்டா, தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அவன் அதைக் கெஞ்சிக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அதைச் சொன்னால் அவனுக்கும் நிம்மதி, அவளுக்கும் ரயில். பத்தொன்பது வருஷமாகச் சொல்லாமல் இருந்தவளுக்கு இன்னும் ஒரு பொய் பாரமா? ஆனால் அந்தப் பதினோராம் பக்கத்தை அவன் உறை போட்டு வைத்திருக்கிறான். அதற்குப் பிறகும் ஒரு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“தெரியும்டா” என்றாள்.

“எப்பத்துல இருந்து?”

“ஒன்பது வயசுல இருந்து.”

கரண்டி நின்றது. “அப்ப மாடி கூட்டினது?”

“அதுவும்.”

“நாயைக் குளிப்பாட்டினது? நான் பத்து தடவை கடி வாங்கியிருக்கேன்.”

“எல்லாம்தான்டா.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தான். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள், ஏன் என்று தெரியாமல். பிறகு அவன் சிரிப்பு அடங்கியது. அம்மா வாயைத் துடைத்துவிட்டான். மிச்சக் கஞ்சியையும் ஒவ்வொரு வாயாக ஊட்டி முடித்தான், அவசரப்படாமல். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் பேசினான்.

“தூக்கம் வராதப்பெல்லாம் அதைத்தான் சொல்லிக்குவேன். எண்ணிக்கைல விழுந்துச்சு, யார் என்ன பண்ண முடியும்னு. கப்பல் படம் எதையாவது பார்த்துட்டா, உடனே அதைச் சொல்லிக்குவேன். நல்ல மருந்துக்கா அது. இனிமே எதைச் சொல்லிக்கிறது?”

“என்னைத் திட்டுடா. ரெண்டு அறை விடு.”

“திட்டினா நீ அழுவே. அழுதுட்டு அஞ்சு மணி ரயில்ல நிம்மதியா ஏறிடுவே.”

அவன் குரலை உயர்த்தவில்லை. கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைத் தலைக்கு மேலாகக் கழற்றினான். கழுத்தில் கயிறு உரசின இடம் வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. அந்த மணியை அக்காவின் கையைப் பிரித்து உள்ளே வைத்தான்.

“ஆறு மணிக்கு வெள்ளை மாத்திரை பாதி. எட்டு மணிக்கு மஞ்சள் முழுசு. தண்ணி ஸ்பூன்லதான், டம்ளர்ல குடுத்தா புரையேறிடும். வலது பக்கமா படுக்க வெக்காதே. மணி அடிச்சா உடனே போ, கொஞ்சம் லேட்டானாலும் தானா எந்திரிக்கப் பார்ப்பாங்க.”

“டேய், எங்கடா போறே?”

“துறைமுகம் இருக்கிற ஊர் எதுக்காவது. இஞ்சின் எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும்.”

“எப்ப வருவே? எனக்குத் திங்கட்கிழமை ஆபீஸ்...” சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் கோபம், எங்கே வைப்பது என்று அவனுக்கே தெரியவில்லை.

“சீக்கிரம் வந்துடறேன்கா” என்றான்.

பட்டறையைத் தாண்டி, கவிழ்ந்து கிடந்த வாஷிங் மெஷினைத் தாண்டி, தெருவில் இறங்கினான். ஸ்டேஷன் பக்கம் திரும்பினான். இரண்டு தடவை கை கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் கீழே வந்தது. அக்கா வாசல்வரை ஓடினாள். கூப்பிட வாயைத் திறந்தபோது கையில் மணி கிணுகிணுத்தது.

உள்ளே அம்மா ஒரு காலைத் தரையில் ஊன்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஓடிப் போய்ப் பிடித்தாள். எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். அம்மா நல்ல கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பற்றிக்கொண்டாள். அந்த மெலிந்த கைக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“அவன் எங்கே?”

“வந்துடுவான்மா.”

“நீ யாரு?”

“நான்தாம்மா, மூத்த பொண்ணு.”

அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அவளா? அவளும் வந்துடுவா” என்றாள். “பெரியவன் வந்துடுவான், சின்னவ வந்துடுவா, எல்லாரும் சீக்கிரம் வந்துடுவாங்க. என் பிள்ளை தினமும் சொல்றான்.”

தூரத்தில் ரயில் கூவியது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அம்மா கையை விடவில்லை. ஆறு மணிக்கு வெள்ளை மாத்திரை பாதியா முழுசா என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது.